காரில் பெக்கெட் ரேடியோ: மலையகத்தில் பூட்டுவதற்கு முன் எடுக்க வேண்டிய அனுமதி

ஓடும் வாகனம் எங்கே நிற்கிறது என்று வீட்டிலிருந்து பார்க்க இரண்டு வழி உண்டு. ஒன்று சிம் போட்ட ஜி.பி.எஸ் கருவி. அது கைபேசி டவரில் ஓடும். மாதக் காசு கட்டினால் போதும், நீங்கள் அமெச்சூர் (பொழுதுபோக்கு ரேடியோ) அனுமதி எதுவும் எடுக்கத் தேவையில்லை. மற்றது அமெச்சூர் ரேடியோக்காரர்களின் பெக்கெட் முறை. ஜி.பி.எஸ் சொல்லும் இடத்தைச் சின்னத் தரவுப் பொட்டலமாகக் கட்டி, டவரும் சிம்மும் இல்லாமல் சொந்த ரேடியோவிலேயே அனுப்புவது. ஏ.பி.ஆர்.எஸ் என்பார்கள். அமெரிக்க அமெச்சூர் பொப் புருனிங்கா உருவாக்கிய முறை இது. டவர் எட்டாத தோட்டப் பாதையிலும் எதிர்மலையில் ஒருவர் கேட்டுக்கொண்டிருந்தால் வேலை செய்யும் என்பதுதான் இதன் கவர்ச்சி. அனுமதிப்பத்திரம் இல்லாமல் ஒரு பொட்டலம்கூட அனுப்ப முடியாது என்பது இதன் நிபந்தனை.

ஜி.பி.எஸ் கருவி செய்மதியைக் கேட்கிறது, அவ்வளவுதான். அதற்கு அனுமதி வேண்டாம். சட்டம் பிடிப்பது அனுப்பும் பக்கத்தை. 1991 ஆம் ஆண்டின் 25 ஆம் இலக்க இலங்கைத் தொலைத்தொடர்புகள் சட்டத்தின் 22 ஆம் பிரிவின்படி, அலைவரிசையையோ அலை வெளிவிடும் கருவியையோ அனுமதிப்பத்திரம் இல்லாமல் பயன்படுத்தக் கூடாது. அதை வழங்குவது இலங்கை தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு. 1996 ஆம் ஆண்டின் 27 ஆம் இலக்கத் திருத்தச் சட்டத்தால் அமைந்தது. அலுவலகம் கொழும்பு 8, எல்விட்டிகல மாவத்தையில்.

அனுமதி எடுக்கும் வழி

அமெச்சூர் அனுமதி ஆளுக்குத்தான், காருக்கு இல்லை. பரீட்சை எழுதித் தேற வேண்டும். நொவிஸ், ஜெனரல், அட்வான்ஸ்ட் என மூன்று படி. கேள்விகள் ஒழுங்குவிதிகள், இயக்கும் முறை, அடிப்படை மின்னியல், ரேடியோ தொழில்நுட்பம் ஆகியவற்றிலிருந்து வரும். சாதாரண தரத்தில் விஞ்ஞானம் ஒழுங்காகப் படித்தவருக்கு முதல் படி பெரிய மலை இல்லை. ஓமின் விதியும் அலைநீளக் கணக்கும் கைவசம் இருந்தால் பாதிக் கிணறு தாண்டியாகிவிட்டது.

பரீட்சைத் திகதி, கட்டணம், இணைக்க வேண்டிய பத்திரங்கள், எழுதும் மொழி எல்லாம் ஆணைக்குழுவின் அறிவித்தலில் வரும். பழைய அறிவித்தலைப் பார்த்துக் காசு கட்டிவிடாதீர்கள். 1950 முதல் இயங்கும் இலங்கை ரேடியோ சங்கத்தோடு தொடர்பு வைத்துக்கொள்வது நல்லது. உள்ளூரில் எந்த அலைவரிசையில் யார் இருக்கிறார்கள் என்பது அங்குள்ளவர்களுக்குத்தான் தெரியும்.

ஆணைக்குழுவுக்குத் தமிழிலேயே எழுதலாம், தமிழிலேயே பதில் கேட்கலாம். அரசியலமைப்பின் நான்காம் அத்தியாயம் தரும் உரிமை அது. நுவரெலியாவிலோ பதுளையிலோ இருந்துகொண்டு ஆங்கிலத்தில் எழுத ஆள் தேடி அலைய வேண்டியதில்லை. விண்ணப்பம் போட்டு மாதக்கணக்கில் சத்தமே இல்லையென்றால், 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், அது எந்த மேசையில் கிடக்கிறது என்று ஒரு கடிதம் போடுங்கள். தகவல் தருவதா இல்லையா என்று 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும்.

தேறியதும் 4எஸ் என்று தொடங்கும் அழைப்புக் குறி கிடைக்கும். எந்தப் படிக்கு எந்த அலைவரிசை, எத்தனை வாட் என்பது அனுமதிப்பத்திரத்தோடு வரும் நிபந்தனைகளில் இருக்கும். இரண்டு மீட்டர் பட்டையில் (144 மெகாஹேர்ட்ஸ் பக்கம்) உங்கள் படிக்கு என்ன உண்டு என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்; ஏ.பி.ஆர்.எஸ் ஓடுவது அங்கேதான்.

ரேடியோ வாங்குவது இதற்குப் பிறகு. பலர் தலைகீழாகச் செய்கிறார்கள். இணையத்தில் மலிவாகக் கிடக்கிறதென்று கைரேடியோவை வரவழைக்க, சுங்கத்தில் மாட்டி, ஆணைக்குழுவின் அனுமதி கேட்கும்போது காட்ட ஒன்றும் இல்லாமல் நிற்பார்கள். வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வரும் உறவினருக்கும் இதைச் சொல்லிவையுங்கள்: அங்கே எடுத்த அனுமதிப்பத்திரம் சட்டைப்பையில் இருக்கிறது என்பதற்காக இங்கே அனுப்ப முடியாது. வருவதற்கு முன்பே ஆணைக்குழுவிடம் அனுமதி கேட்க வேண்டும்.

கொழுந்து லொறிக்குப் பூட்டலாமா?

அதிகம் கேட்கப்படும் கேள்வி இது. பூட்ட முடியாது. அமெச்சூர் சேவை என்றாலே காசு நோக்கம் இல்லாத, சொந்த ஆர்வத்துக்கான சேவை என்பது சர்வதேச ரேடியோ ஒழுங்குவிதிகளின் வரையறை. கொழுந்து லொறி, சுற்றுலா வேன், பாடசாலை வேன், மரக்கறி லொறி எல்லாம் தொழில். உங்களிடம் அனுமதி இருந்தாலும், உங்கள் லொறியாகவே இருந்தாலும், தொழிலுக்காக ஓடும்போது அது பொருந்தாது. அவற்றுக்கு சிம் கருவி போடுங்கள். ரேடியோதான் வேண்டுமென்றால் அதே ஆணைக்குழுவிடம் தனியார் நடமாடும் ரேடியோ அனுமதிக்கு விண்ணப்பியுங்கள்.

ஏ.பி.ஆர்.எஸ் பூட்டிய காரைத் தம்பியிடம் கொடுத்து அனுப்புவதும் சரிவராது. பொட்டலத்தில் போவது உங்கள் அழைப்புக் குறி, பொறுப்பும் உங்களுடையது, நீங்கள் பக்கத்தில் இல்லாத வேளையில் அது தானாக அனுப்பிக்கொண்டிருக்கக் கூடாது. சாவியைக் கொடுக்கும்போதே அனுப்பியை அணைத்துவிடுங்கள்.

செய்தியின் பொருளை மறைக்கும் இரகசியக் குறியாக்கமும் தடை. நீங்கள் அனுப்பும் இடம் எவரும் படிக்கக் கூடியது. ரேடியோவில் கேட்டதை இணையத்தில் போடும் வாயில் நிலையம் ஒன்று அதைக் கேட்டால் பொது வரைபடத்தில் உலகத்துக்கே தெரியும். அதனால் வீட்டு வாசலில் வைத்துப் போடாமல் பிரதான பாதைக்கு ஏறிய பிறகு போடுங்கள். வீடு பூட்டிக்கிடக்கிறது என்பதை நாமே வரைபடம் போட்டுக் காட்ட வேண்டியதில்லை.

பூட்டும்போது

மலிவான வழி: ஒரு கைரேடியோ, ஒரு அன்ட்ரொயிட் கைபேசி, இரண்டையும் இணைக்கும் வயர் அல்லது புளூடூத் மோடம் (தரவைத் தொனியாக மாற்றும் கருவி), ஏ.பி.ஆர்.எஸ்ட்ரொயிட் செயலி. ஜி.பி.எஸ் கைபேசியிலேயே இருக்கிறது. கொஞ்சம் செலவழிக்க முடிந்தால் ஜி.பி.எஸ்ஸும் மோடமும் உள்ளேயே அமைந்த கார் ரேடியோ. கென்வூட், யேசு (Yaesu) கம்பனிகள் இரண்டிலும் அப்படி உண்டு.

அன்டெனா கூரை நடுவில் இருக்க வேண்டும். காருக்குள் ரப்பர் அன்டெனாவோடு கைரேடியோவை வைத்தால் 5 வாட்டில் பெரும்பகுதியைத் தகரக் கூடே தின்றுவிடும். கால் அலை அன்டெனா இரண்டு மீட்டர் பட்டைக்கு ஏறத்தாழ 49 சென்டிமீட்டர். காந்த அடியோடு தகரக் கூரையில் வைத்தாலே போதும். பைபர் கூரை வேனிலும் ரெக்சின் கூரை ஓட்டோவிலும் கீழே தகரம் இல்லாததால் அது சரிவராது. அங்கே அரை அலை அன்டெனா. அது ஒரு மீட்டர் வரும். தோட்டத்து ஒற்றையடிப் பாதையில் மரக்கிளை பிடித்து இழுக்கும். நுவரெலியா மூடுபனியில் வயர் முனையில் ஈரம் இறங்கினால் ஓரிரு மாதத்தில் செம்பு பச்சையாகிவிடும். மூட்டில் தானே ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப்பை இழுத்துச் சுற்றுங்கள். அன்டெனாவிலிருந்து எவ்வளவு சக்தி திரும்பி வருகிறது என்று காட்டும் எஸ்.டபிள்யு.ஆர் அளவு 1.5க்குள் இருந்தால் நல்லது. 3 காட்டினால் அனுப்புவதை நிறுத்திவிட்டு வயரைப் பாருங்கள்.

மின்சாரம்: 50 வாட் கார் ரேடியோ அனுப்பும்போது 10 அம்பியருக்கு மேல் இழுக்கும். சிகரட் லைட்டர் துளையின் பியூஸ் அதைத் தாங்காது. பெட்டரியிலிருந்து நேர் வயர், பெட்டரிக்குக் கிட்டவே பியூஸ். பெக்கெட்டுக்கு 10 வாட் தாராளம். பெரிய லொறிகளும் பஸ்களும் 24 வோல்ட் என்பதை மறந்துவிடாதீர்கள். 13.8 வோல்ட் ரேடியோவை அதில் மாட்டினால் எரியும். இரண்டு பெட்டரியில் ஒன்றில் மட்டும் வயர் எடுக்கும் கராஜ் தந்திரமும் வேண்டாம். ஒன்று இறங்கி மற்றது கூடுதலாக ஏறி, இரண்டுமே கெட்டுவிடும். 24 வோல்ட்டை 13.8 ஆக இறக்கும் குறைமாற்றி ஒன்று போடுங்கள்.

கைரேடியோவில் நான்கு விஷயத்தை அணைக்க வேண்டும்: பெட்டரி மிச்சப்படுத்தும் நிலை, இரட்டைக் கேட்பு (இரண்டு அலைவரிசையை மாறி மாறிக் கேட்பது), உபதொனி (குரலோடு சேர்ந்து போகும் தாழ்ந்த தொனி), பேசி முடித்ததும் வரும் பீப் ஒலி. முதல் இரண்டும் பொட்டலத்தின் தலையை வெட்டிவிடும். ரேடியோ தூங்கி விழிப்பதற்குள் பொட்டலம் பாதி போயிருக்கும். குரல் கேட்டால் தானாக அனுப்பும் வொக்ஸ் முறையையும் நம்ப வேண்டாம். அது தாமதமாகத் திறந்து தாமதமாக மூடும்.

ஒலி அளவில்தான் பலர் தோற்கிறார்கள். பெக்கெட் 1200, 2200 ஹேர்ட்ஸ் என இரண்டு தொனியில் போகிறது. சத்தம் கூடினால் நன்றாகப் போகும் என்று கைபேசி ஒலியை முழுதாக வைத்தால் தொனி உருக்குலைந்து, காதுக்கு உரக்கக் கேட்கும், ஆனால் எந்த மோடமும் படிக்காது. ஒலிக்கேற்ப அலைவரிசை அசையும் அளவான விலகல் 3 முதல் 3.5 கிலோஹேர்ட்ஸ் போதும். அளக்கக் கருவி இல்லையென்றால், இன்னொரு ரேடியோவில் கேட்டபடி ஒலியைப் படிப்படியாகக் கூட்டுங்கள். சத்தம் மேலும் கூடாமல் நிற்கும் இடத்திலிருந்து நன்றாகக் குறைத்து வையுங்கள்.

அலைவரிசையைக் கருவி வந்தபடியே விடாதீர்கள். வட அமெரிக்காவுக்கு 144.390, ஐரோப்பாவுக்கு 144.800 மெகாஹேர்ட்ஸ் என்று கருவிகள் வரும். இங்கே பயன்பாட்டில் உள்ளதைச் சங்கத்தினரிடம் கேட்டு, உங்கள் அனுமதிப்பத்திரப் பட்டைக்குள் இருக்கிறதா என்று பார்த்துப் போடுங்கள். அழைப்புக் குறியின் பின்னால் காருக்கு 9, கைரேடியோவுக்கு 7 என்ற எண் சேர்ப்பது வழக்கம்.

வளைவும் கணக்கும்

நூறு பைட் பொட்டலம் 1200 பிட் வேகத்தில் 0.67 வினாடி எடுக்கும். பொட்டலத்துக்கு முன் ரேடியோ நிலைப்பட விடும் முன்னோட்டம் 300 மில்லிவினாடி. ஆக, ஒரு தடவை அனுப்ப ஏறத்தாழ ஒரு வினாடி. அந்த வினாடியில் அதே அலைவரிசையில் மற்றவர் பேச முடியாது. ஆகவே எத்தனை தரம் அனுப்புகிறோம் என்பது ஒழுக்கம் சம்பந்தப்பட்ட விஷயமும்தான்.

வேகத்துக்கு ஏற்ப அனுப்பும் ஸ்மார்ட் பீக்கனிங் முறையின் வழக்கமான அளவு, மணிக்கு 100 கிலோமீட்டரில் 60 வினாடிக்கு ஒன்று. நெடுஞ்சாலைக்கு அது சரி. இறம்பொடை ஏற்றத்தில் 25 கிலோமீட்டரில் ஏறும்போது அதே கணக்கில் இடைவெளி 240 வினாடியாகும். அதற்குள் கார் 1.6 கிலோமீட்டருக்கு மேல் போய்விடும். உயர் வேகத்தை 50 என்று மாற்றினால் இடைவெளி 120 வினாடி, தூரம் 800 மீட்டர் சொச்சம். மலைப்பாதைக்கு அது போதும்.

அதே முறையில், கார் திரும்பினால் உடனே அனுப்பும் வசதியும் உண்டு. கொண்டை ஊசி வளைவுகள் வரிசையாக வரும் பாதையில் அது ஒவ்வொரு திருப்பத்திலும் ஒரு பொட்டலம் கக்கும். இரு திருப்பங்களுக்கு இடையில் குறைந்தது 60 வினாடி என்று கட்டுப்படுத்துங்கள்.

வழியில் உள்ள நிலையங்கள் பொட்டலத்தை எத்தனை தடவை திருப்பி அனுப்பலாம் என்று சொல்வது கடத்தும் பாதை. அதற்கு வைட் 1-1, வைட் 2-1 இரண்டும் போதும். அதற்கு மேல் எண்ணைக் கூட்டினால் தூரம் கூடும் என்று நினைப்பது வீண். மலைக்கு அப்பால் கேட்கும் நிலையம் இல்லாதபோது எண்ணா கேட்கும்? தலவாக்கலைப் பள்ளத்தில் நின்று அனுப்பியது எங்கும் போய்ச் சேராமல், அப்புத்தளைக் கணவாய் விளிம்பில் அதே 5 வாட் தெற்குச் சமவெளி வரை போவது இயல்பு. இடம் சொல்லும் பொட்டலத்துக்கு ‘கிடைத்தது’ என்று பதில் வராது. தொலைந்தால் தொலைந்ததுதான். இரண்டு கார் சேர்ந்து போனால், ஒன்றை விளிம்பில் நிறுத்தி அதன் ரேடியோவைத் திருப்பி அனுப்பியாக வைக்கலாம். மலை உச்சியில் நிரந்தரமாக ஒன்றை வைப்பதென்றால், ஆணைக்குழுவிடம் எழுத்தில் கேட்டு அனுமதி வந்த பிறகே.

இடம் தவறாக வருகிறதா? பெரும்பாலும் பாகையும் கலையும் (பாகையில் அறுபதில் ஒன்று) குழம்பியிருக்கும். நுவரெலியா நகரம் தசமத்தில் 6.9497 வடக்கு, 80.7891 கிழக்கு. ஏ.பி.ஆர்.எஸ் கேட்பது பாகை, கலை: 0656.98, 08047.35. தசமத்தை அப்படியே 0694.97 என்று எழுதினால் கலை 60ஐத் தாண்டிவிடும். அப்படி ஓர் இடமே இல்லை. தனி ஜி.பி.எஸ் துண்டு போட்டவர்கள் துண்டும் மோடமும் பேசிக்கொள்ளும் தொடர் வேகத்தையும் பாருங்கள். பல துண்டுகள் 9600இல் பேசும், பழைய மோடம்கள் 4800இல் கேட்கும், ஒன்றும் நடக்காது. பழைய ஜி.பி.எஸ் இருபது வருடம் பின்னால் திகதி காட்டினால் 2019 ஏப்ரல் 6 இல் வந்த வார எண் சுழற்சியை (ஜி.பி.எஸ் வார எண் மீண்டும் பூச்சியத்துக்குத் திரும்புவதை) கடக்கத் தெரியாதது என்று அர்த்தம்.

பொட்டலத்தோடு போகும் குறிப்பில் தமிழ் எழுதலாமா? எழுதலாம், ஆனால் இடம் போதாது. குறிப்புக்கு 43 எழுத்துத்தான். யுனிகோட் தமிழில் ஒவ்வொரு குறியும் மூன்று பைட். ‘நுவரெலியா’ என்ற ஒரு சொல்லே 27ஐ விழுங்கிவிடும். பல ரேடியோத் திரைகளில் வெறும் கிறுக்கலாகத்தான் தெரியும். ஆங்கில எழுத்தில் தமிழைச் சுருக்கி எழுதுவதே நடைமுறை.

மழைக்காலத்தில் மண்சரிவால் பாதை அடைபட்டால் பெக்கெட்டை மட்டும் நம்பியிருக்க வேண்டாம். கைபேசி எடுக்கும் இடத்தில் அனர்த்த முகாமைத்துவ நிலையத்துக்கு 117, அம்புலன்ஸுக்கு 1990, பொலிஸுக்கு 119. கைபேசி எடுக்காத இடத்தில், இடம் போய்ச் சேர்ந்ததா என்று காத்திராமல் மைக்கை எடுத்துக் குரலில் கூப்பிடுங்கள்.

பொலிஸ் மறிக்கும் இடத்தில் அன்டெனாவும் வயரும் கண்ணில் படும். அமெச்சூர் ரேடியோ என்ற பெயரைக் கேள்விப்படாத உத்தியோகத்தரும் இருப்பார். அனுமதிப்பத்திரத்தின் பிரதி, கருவி வாங்கிய பற்றுச்சீட்டு, இறக்குமதி செய்திருந்தால் அதற்கான கடிதம், தேசிய அடையாள அட்டை நான்கும் ஒரே உறையில் டாஷ்போர்ட் பெட்டிக்குள் இருக்கட்டும். அனுமதிப்பத்திரத்தில் அச்சிட்ட காலாவதித் திகதி தாண்டியிருந்தால், புதுப்பித்துக் கையில் வரும் வரை அன்டெனாவைக் கழற்றி வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள்.