முட்டைகோஸ் வாரங்களை எண்ணுவது எப்படி?

"வசந்தம் தொடங்கியதும் நர்சரியில் இருந்ததிலேயே கொழுகொழுவென்று இருந்த முட்டைகோஸ் நாற்றுகளைப் பார்த்துப் பொறுக்கி வாங்கி வந்தேன். தலை கட்டவே இல்லை. முழ உயரத்துக்குத் தண்டு விட்டு மஞ்சளாகப் பூத்து நிற்கிறது. உரம் கூடிவிட்டதா?" என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்.

உரத்தின் மேல் பழி போட வேண்டாம். கொழுத்த நாற்றைப் பொறுக்கினீர்கள் பாருங்கள், அதுதான் வினை. நானும் ஒரு வருடம் அப்படித்தான் ஏமாந்தேன்.

முட்டைகோஸ், கேரட், வெங்காயம் எல்லாம் இரண்டு வருடத் திட்டத்தோடு பிறந்தவை. முதல் வருடம் இலையிலோ வேரிலோ குமிழிலோ சேமித்து வைக்கும், குளிர்காலத்தைக் கடக்கும், அடுத்த வசந்தத்தில் அந்தச் சேமிப்பைச் செலவழித்துப் பூக்கும். நாம் நடுவில் புகுந்து சேமிப்பை எடுத்துக்கொள்கிறோம். சரி, குளிர்காலம் முடிந்துவிட்டது என்று செடிக்கு எப்படித் தெரியும்? பகல் நீளத்தை மட்டும் நம்ப முடியாது. வசந்தத்தில் உள்ள அதே பகல் நீளம் இலையுதிர் காலத்திலும் வருகிறது. அதனால் 'நீண்ட குளிர் ஒன்று வந்து போய்விட்டதா?' என்ற கேள்விக்கும் செடி விடை வைத்திருக்க வேண்டும். பாடப்புத்தகத்தில் தட்பப்பதனம் என்று படித்திருப்பீர்களே, அது இதுதான்.

குளிரை உணர்வது வேரோ இலையோ அல்ல, குருத்து. பழைய சோதனை ஒன்றில், கதகதப்பான கண்ணாடி வீட்டில் வளர்ந்த செலரிச் செடியின் குருத்தைச் சுற்றி மட்டும் குழாய் வைத்துக் குளிர்வித்தார்கள். அது போதுமானதாக இருந்தது; செடி பூத்தது.

மீதிக் கதையைச் சொன்னது அராபிடாப்சிஸ் என்ற களைச்செடி. முட்டைகோஸுக்கு உறவு, கடுகுக் குடும்பம். பூப்பதைத் தடுக்கும் எஃப்எல்சி என்ற மரபணு இதில் 1999இல் அடையாளம் காணப்பட்டது. முட்டைகோஸிலும் இதன் உடன்பிறப்புகள் உண்டு. எஃப்எல்சி விழித்திருக்கும்வரை பூக்கும் கட்டளை குருத்தில் எடுபடாது. நீண்ட குளிர் அதைத் தூங்க வைக்கிறது.

எனக்கு அலுக்காத இடம் இங்கேதான் தொடங்குகிறது. செல்லுக்குள் பெரும்பாலான வேலைகள் நிமிடங்களில், மணிகளில் முடிந்துவிடும். அப்படியிருக்க, ஒரே ஒரு குளிர்ந்த இரவைக் கண்டு ஏமாறாமல் ஆறு வாரக் குளிரை எப்படி அளப்பது? நாள்காட்டி கிடையாது. இருப்பது ஒரு புரதம், பெயர் என்டிஎல்8. குளிரோ வெயிலோ, செல் இதைச் சொட்டுச் சொட்டாகச் செய்துகொண்டே இருக்கிறது. எளிதில் சிதையாத புரதம். வெயில் காலத்தில் செல்கள் மளமளவென்று பிரிகின்றன. ஒவ்வொரு முறை பிரியும்போதும் உள்ளே இருக்கும் சரக்கு இரண்டாகப் பங்கு போகிறது, சேரவே சேராது. குளிரில் வளர்ச்சி மந்தம். பங்கு கேட்க ஆள் குறைவு. சொட்டுகள் தேங்கத் தொடங்குகின்றன. ஆக, குளிரை எண்ணத் தனிக் கடிகாரம் எதுவும் தேவைப்படவில்லை. தான் மெதுவாக வளர்வதையே செடி கணக்காக வைத்துக்கொள்கிறது! 2020இல் இது வெளியானபோது, இவ்வளவு எளிமையாகவா என்று சிரித்துவிட்டேன்.

தேங்கிய என்டிஎல்8, வின்3 என்ற இன்னொரு புரதத்தை வரவழைக்கிறது. வின்3க்கு வெயில் ஆகாது. இரவெல்லாம் குளிர்ந்திருந்தாலும் நண்பகலில் சற்று நேரம் சூடேறினால் அதன் அளவு இறங்கிவிடும். இலையுதிர் காலத்தின் குளிர்ந்த இரவுகள் செடியை எளிதில் ஏமாற்றாததற்கு இதுவும் ஒரு காரணம். செடி கவனிப்பது குளிர் வந்ததை மட்டுமல்ல, வெப்பம் வராததையும்தான்.

அப்புறம் பூட்டுவது. டிஎன்ஏ நூல் ஹிஸ்டோன் என்ற புரத உருண்டைகளில் சுற்றியிருக்கும். வின்3யும் கூட்டாளிகளும் எஃப்எல்சி இருக்கும் இடத்து ஹிஸ்டோன்களில் 'இதைப் படிக்காதே' என்று ஒரு வேதி அடையாளம் குத்துகின்றன. இது ஒலியைக் குறைப்பது போல் சிறிது சிறிதாக நடப்பதில்லை. ஒரு செல்லில் மரபணு முழுதாக விழித்திருக்கும், இல்லையேல் முழுதாகத் தூங்கும். வாரம் ஏற ஏறத் தூங்கும் செல்களின் எண்ணிக்கைதான் ஏறுகிறது. ஒரு செல்லில் உள்ள எஃப்எல்சியின் இரண்டு பிரதிகளோடு மஞ்சளும் சிவப்புமாக ஒளிரும் புரதங்களை ஒட்டிப் பார்த்தபோது, ஒன்று தூங்க மற்றது விழித்திருந்த செல்களும் இருந்தன. அருகருகே, ஒரே குளிரில்! பிரிந்து பிறந்த செல்களும் அதே நிலையோடு பிறந்தன. வின்3 வெயிலில் மறைந்துவிடும். அடையாளம் மட்டும் செல்லுக்குச் செல் படியெடுக்கப்பட்டு நிற்கும். செடிக்கு நினைவு என்று ஒன்று இருந்தால் இதைத்தான் சொல்ல வேண்டும்.

களைச்செடியை ஆராய எதற்குப் பணம் என்று கேட்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்தக் கேள்வி கேட்பவரின் தோட்டத்து முட்டைகோஸுக்கும் பதில் இந்தக் களையில்தான் கிடைத்தது. அறிவியலுக்குப் பதில் நம்பிக்கையை வைத்தால் என்ன ஆகும் என்பதற்கும் இதே துறையில் சான்று உண்டு. விதையைக் குளிரவைத்தால் அந்தக் குணம் வாரிசுகளுக்கும் போகும் என்று சோவியத் ஒன்றியத்தில் லைசென்கோ என்ற வேளாண் ஆய்வாளர் சாதித்தார். அது தவறு, விதை உருவாகும்போது எஃப்எல்சி மறுபடி விழிக்கிறது, நினைவு அழிகிறது. ஆனால் அரசு அவர் பக்கம் நின்றது. அவரை எதிர்த்த தாவர மரபியலாளர் வவிலோவ் 1940இல் கைதாகி 1943இல் சிறையில் இறந்தார். வளர்பிறை பார்த்து நடுகிறவர்கள் மேல் எனக்குக் கோபமில்லை, அவர்கள் யாரையும் சிறையில் போடுவதில்லை.

உங்கள் நாற்றுக்கு வருவோம். மிக இளம் முட்டைகோஸ் நாற்று குளிரைக் கணக்கில் எடுப்பதில்லை. தண்டு பென்சில் பருமனைத் தாண்டிய நாற்று, 10 டிகிரி செல்சியஸுக்குக் கீழே சில வாரம் இருந்தால் குளிர்காலம் கழிந்ததாகவே எழுதிக்கொள்ளும். எனவே வசந்தத் தொடக்கத்தில், பார்க்கப் பாவமாக இருக்கும் ஒல்லி நாற்றை வாங்குங்கள். நடுவதற்கு விற்கும் வெங்காயக் குமிழ்களிலும் பெரியதை விட்டுச் சிறியதை எடுங்கள். கடும் வெப்பம் இந்த நினைவைக் கலைக்கும் என்பதால், வெப்பத்தில் வைத்துப் பதப்படுத்திய குமிழ்களும் விற்பனைக்கு வருகின்றன, கேட்டுப் பாருங்கள்.

பூத்துவிட்ட தண்டை ஒடிப்பதால் தலை கட்டாது. தேனீக்களுக்கு விட்டுவிடுங்கள். விதையை மட்டும் எடுத்து வைக்காதீர்கள். குளிர் நினைவு விதையில் அழிந்துவிடும்தான். அவசரப்பட்டுப் பூக்கும் பரம்பரைக் குணம் இருந்தால் அது அழியாது.