பாலே பாவாடை ஏன் தொங்கறதில்ல

சின்னப் பொண்ணுங்க பிறந்தநாள் ஃப்ராக்குக்கு உள்ள டெய்லர் ஒரு கேன்கேன் வெச்சுத் தைப்பாரே, சொரசொரன்னு இருக்கும், கேக் வெட்டி முடிக்கறதுக்குள்ள குழந்தை "குத்துதும்மா"ன்னு அழ ஆரம்பிச்சிடும், அந்த நெட் துணிக்கு உறவுக்காரிதான் பாலே டான்சர் இடுப்புல தட்டு மாதிரி நிக்கற டூட்டூ. எனக்கு ரொம்ப நாளா ஒரு கேள்வி, அது எப்படி தொங்காம நிக்குது? உள்ள கம்பி வளையம் இருக்கும்னுதான் நெனச்சிட்டிருந்தேன். சில டூட்டூல ஒரே ஒரு வளையம் வைக்கறதும் உண்டு, ஆனா அத நிக்க வைக்கறது முக்கியமா துணியும் தையலும்தான்.

ஒரு பேப்பர ஓரத்துல புடிச்சா வளைஞ்சு தொங்கும், அதையே விசிறி மாதிரி மடிச்சுப் புடிங்க, நேரா நீட்டிக்கிட்டு நிக்கும். டூட்டூல நடக்கறது இதுதான். பல மீட்டர் நீள நெட்ட சுருக்கி சுருக்கி இடுப்புச் சுத்தளவுக்குள்ள அடக்கிடறாங்க, ஒவ்வொரு சுருக்கமும் ஒரு மடிப்பு, ஒவ்வொரு மடிப்பும் குட்டியா ஒரு உத்தரம். இப்படிப் பத்துப் பன்னெண்டு அடுக்கு. அடியில இருக்கறது ரொம்பக் குட்டை, மேல போகப் போக நீளம் கூடும், அதனால கீழ் அடுக்கு மேல் அடுக்கத் தோள் குடுத்துத் தாங்குது. அப்புறம் அடுக்குகள ஒண்ணோட ஒண்ணு நூலால அங்கங்க லூசா கோத்து விடுவாங்க, இறுக்கமாக் கோத்தா மொத்தமும் ஒரு பலகை மாதிரி ஆயிடும், லூசா இருந்தாதான் டான்சர் குதிச்சு இறங்கின பிறகும் பாவாடை ஒரு நொடி தாமதிச்சு அலை மாதிரி ஆடி அடங்கும். பாக்கற நமக்கு அவங்க பூ மாதிரி இறங்கினதாத் தோணறதுக்கு அந்தத் தாமதமும் ஒரு காரணம். நெட்ல ஓட்டைங்க இருக்கறதால காத்து உள்ள புகுந்து வெளிய போயிடுது, சுழலும்போது துணி அவங்கள இழுத்துப் புடிக்கறதும் கொறையுது.

இப்ப அந்த நெட் பெரும்பாலும் நைலான். ஆனா 1900 வாக்குல நைலான் கிடையாது, அது சந்தைக்கு வந்ததே 1940 வாக்குலதான். அப்ப இருந்தது பருத்தி, பட்டு நெட்டும், டார்லடன்னு ஒரு மெல்லிசான பருத்தித் துணியும், அத நிக்க வெச்சது கஞ்சி. வேட்டிக்குப் போடறோமே அதே வேலைதான். கஞ்சிக்கு எதிரி ஈரம், வேர்வை பட்டா துணி தளர்ந்திடும், அதனால மேடைக்குப் பின்னாடி கஞ்சி போடறதும் இஸ்திரி போடறதும் நிக்காம நடக்கற வேலை, அதச் செஞ்ச பொம்பளைங்க பேரு பெரும்பாலும் எங்கயும் எழுதி வைக்கப்படல, அத நெனச்சா மனசு கஷ்டமாத்தான் இருக்கு.

இந்தத் துணிக்கு இன்னொரு எதிரி தீ. கேஸ் விளக்கு எரிஞ்ச காலத்துல இந்த நெட் பஞ்சு மாதிரி பத்திக்கும், சுத்தி அவ்ளோ காத்து இருக்குல்ல. 1862 நவம்பர்ல பாரீஸ் ஓபரா ஒத்திகையில எம்மா லிவ்ரிங்கற 20 வயசுப் பொண்ணோட பாவாடை விளக்குல பட்டுப் பத்திக்கிச்சு, எட்டு மாசம் துடிச்சு அடுத்த ஜூலைல இறந்துட்டாங்க. தீப்பிடிக்காம இருக்க படிகாரம் கலந்த தண்ணியில துணிய முக்கற முறை அப்பவே இருந்துச்சு, ஆனா முக்கினா துணி வெறப்பாகி நிறமும் மங்கிடும்னு அவங்க வேண்டாம்னுட்டாங்க. 1881ல லண்டன் சவாய் தியேட்டர் முழுக்க மின்சார விளக்குக்கு மாறிச்சு, மத்த இடங்களும் மெல்ல மாறுச்சு. தீப்பயம் கொறஞ்சது மட்டுமில்ல, துணிய விளக்குக்குப் பக்கத்துல கொண்டு போகலாம், வெளிச்சத்தோட நிறத்த மாத்தலாம்னு புதுசா ஒரு வழியும் தொறந்துச்சு.

அத முதல்ல சரியாப் புரிஞ்சுக்கிட்டவங்கள்ல ஒருத்தர் லோய் ஃபுல்லர். அமெரிக்காக்காரங்க, பாலே கத்துக்கிட்டவங்க இல்ல, 1892ல பாரீஸ்ல ஃபோலி பெர்ஜேர்ங்கற அரங்குல ஆடி ஊரையே கட்டிப் போட்டாங்க. மீட்டர் கணக்குல வெள்ளைப் பட்டு, அதுக்குள்ள ரெண்டு கையிலயும் நீளமான குச்சி. குச்சி எதுக்குன்னா, கை ஒரு சாண் அசைஞ்சா குச்சி நுனி ஒரு கஜம் நகரும், நெம்புகோல் மாதிரி, அந்த அசைவு துணியில அலையாப் பரவி ஓரத்துக்குப் போகும், பட்டு லேசா இருக்கறதால காத்து அத உடனே கீழ விடாம தாங்கும். வெள்ளைத் துணி எந்த நிற வெளிச்சத்தையும் வாங்கித் திருப்பிக் குடுக்கும், அதனால கலர் கண்ணாடி மாத்த மாத்த அதே துணி நெருப்பாவும் லில்லிப் பூவாவும் மாறும், மேடைத் தரையில கண்ணாடி பதிச்சு கீழ இருந்தும் வெளிச்சம் விட்டாங்க. இந்த டிரெஸ்ஸுக்கு 1894ல அமெரிக்காவுல பேடன்ட் வாங்கினாங்க. ரேடியத்தால மின்னுற டிரெஸ் செய்ய முடியுமான்னு கியூரி தம்பதிகிட்டயே கேட்டிருக்காங்க, நல்ல வேளை அது சரிப்படாதுன்னு அவங்க விளக்கிட்டாங்க.

ரஷ்யாவுல கதை வேற. 1904 கடைசியில அமெரிக்க டான்சர் இசடோரா டங்கன் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் வந்து, உடம்ப இறுக்கிக் கட்டற கார்செட் இல்லாம, வெறும் கால்ல, கிரேக்க சிலை மாதிரி லேசான துணியில ஆடினாங்க. இறுக்கமான கார்செட் விலா எலும்ப விரிய விடாது, முழு மூச்சு எடுக்க முடியாது, முதுகு வளையாது, அப்படின்னா பாலேல முதுகு நிமிந்தே இருந்ததுல பாதி பழக்கம், பாதி துணி. இளைஞரா இருந்த நடன அமைப்பாளர் ஃபோக்கின் 1907ல கிரேக்க, ரோமானியப் பாணியில யூனிஸ்னு ஒரு பாலே பண்ணப்போ, அரசு தியேட்டர்ல வெறும் கால் கூடாதுன்னு விதி இருந்ததால டைட்ஸ் மேலயே கால் விரலையும் நகத்தையும் வரைஞ்சு ஆட விட்டாரு. இந்தத் தகவல் எனக்கு ரொம்பப் பிடிக்கும், துணி விடாதத பெயின்ட்ல சாதிச்சிருக்காங்க.

அப்புறம்தான் தியாகிலெவ்ங்கற ரஷ்யாக்காரர் நடத்தின பாலே ரூஸ் குழு, அவருக்கு டிரெஸ் வரைஞ்ச லியோன் பாக்ஸ்ட். 1910 ஜூன்ல பாரீஸ்ல ஷெஹரசாட்ங்கற பாலே. பச்சைத் திரை, அதுமேல நீலம், ஆரஞ்சு, சிவப்பு, லொடலொடன்னு ஹேரம் பேன்ட், வெளிய தெரியற வயிறு. எதிர் எதிர் நிறத்தப் பக்கத்துல வெச்சா ரெண்டுமே இன்னும் பளிச்சுன்னு தெரியும், நம்ம காஞ்சிபுரம் புடவையில பச்சை உடலுக்கு அரக்கு பார்டர் போடறாங்களே அதே விஷயம், கண்ணோட பழக்கம் அது. பாக்ஸ்ட் டிரெஸ்ஸுல கோலங்கள் எல்லாம் பெருசு பெருசா இருக்கும், கிட்டப் பாத்தா முரட்டுத்தனமா கையால பெயின்ட் பண்ணினது, ஒட்டுத்துணி, உலோக நூல், ஆனா கடைசி சீட்ல இருக்கறவருக்கும் தெரியணுமே, அதுக்குத்தான். அடுத்த வருஷமே பாரீஸ்ல பணக்காரப் பொம்பளைங்க தலைப்பாகையும் ஹேரம் பேன்ட்டும் போட ஆரம்பிச்சாங்க, டிசைனர் பால் புவாரே தன் வீட்டுல ஆயிரத்து ரெண்டாவது இரவுன்னு பார்ட்டியே வெச்சாரு. அந்தப் பாணிய நான் முன்னாடியே பண்ணிட்டேன்னு அவரும் சாதிச்சாரு, ரெண்டு பேருமே ஒரே காத்த சுவாசிச்சாங்கன்னுதான் எனக்குப் படுது.

1911ல ரஷ்ய டான்சர் நிஜின்ஸ்கி கிசெல்ங்கற பாலே ஆடும்போது டைட்ஸுக்கு மேல போட வேண்டிய அரைக்கால்சட்டை இல்லாம மேடை ஏறினாருன்னு அரசு தியேட்டர்ல இருந்து வேலையவிட்டே தூக்கிட்டாங்க. ஏப்ரல்ல அவரே மான்டி கார்லோவுல பாலே ரூஸுக்காக ஒரு பாலேல ரோஜாவோட ஆவியா ஆடினாரு, உடம்போட ஒட்டின பட்டு நிட் துணி, அதுமேல பட்டு ரோஜா இதழ் தைச்சது. நெய்த துணி நேரா இழுத்தா அவ்ளோவா நீளாது, பின்னின துணியில நூல் வளையம் வளையமா இருக்கறதால நீண்டு திரும்பச் சுருங்கும், டி-ஷர்ட் மாதிரி. அவரு ஜன்னல் வழியா தாவி மறையறதுக்கு அந்தத் துணி ஒரு தடையுமில்ல.

1913 மே 29ல வசந்தச் சடங்குங்கற பாலே. அதுக்கு ஓவியர் ரோரிக் வரைஞ்சது கனமான கம்பளி உடை. தாங்க முடியாத சூடு, ஆனா அந்த பாலேல பறக்கற அசைவே கிடையாது, உள்பக்கம் திருப்பின பாதம், தரையில ஓங்கி மிதி, கனமான துணி கீழ இழுக்கறது அங்க சரியாப் பொருந்துது. டூட்டூ போட்டு அத ஆடியிருந்தா கதையே இல்ல.

1917ல ஓவியர் பிக்காசோ பரேடுங்கற பாலேக்காக மூணு மீட்டர் உயரத்துக்கு அட்டையும் மரமும் வெச்சு டிரெஸ் கட்டினாரு, உள்ள இருந்தவங்களுக்கு நடக்கறதே பெரிய காரியம். 1924ல லெ ட்ரேன் ப்ளூங்கற பாலேக்கு டிசைனர் ஷனெல் குடுத்தது நிஜமான கடற்கரை நீச்சல் உடை, பின்னின கம்பளியில. பாக்க எளிமை, ஆனா ஆட்டத்துக்குன்னு தைக்காத துணி, உடம்போட ஒட்டாம லூசா இருந்தா தூக்கிப் புடிக்கற ஜோடிக்குக் கை துணிய புடிக்குமே தவிர ஆளப் புடிக்காது.

இதுல நம்ம ஊருக்கு ஒரு நூல் நீளுது. ருக்மிணி தேவி 1928ல பம்பாய்ல ரஷ்ய பாலே டான்சர் அன்னா பாவ்லோவாவோட ஆட்டம் பாத்து, அப்புறம் ஆஸ்திரேலியா கப்பல்லயும் அவங்களோட சேந்து போயி, அந்தக் குழுவுல இருந்த கிளியோ நோர்டிகிட்ட பாலே கத்துக்கிட்டாங்க, உங்க நாட்டுக் கலையப் பாருங்கன்னு பாவ்லோவா சொல்லி இந்தப் பக்கம் திரும்பினாங்க. தலைமுறை தலைமுறையா பரதநாட்டியத்த ஆடிட்டு வந்த பொம்பளைங்க பைஜாமா மேல புடவைய சுத்திக் கட்டி ஆடுவாங்க. 1935ல அடையார்ல ஆடின ருக்மிணி தேவி, மேடம் கஸான்னு ஒரு இத்தாலியத் தையல்காரம்மா உதவியோட தைச்ச உடுப்பக் கொண்டு வந்தாங்க. பரதநாட்டிய உடுப்புல ரெண்டு காலுக்கும் நடுவுல ஒரு விசிறி வைக்கறோமே, அதுவும் மடிப்பு வேலைதான், ஆனா டூட்டூக்கு நேர் எதிர். டூட்டூ மடிப்பு எப்பவும் விரிஞ்சே நிக்கும், விசிறி மடிப்பு மூடியே இருக்கும், அரைமண்டியில முட்டி விலகினதும் மடிப்பு மடிப்பா திறக்கும், எழுந்தா கீழ ஜரிகை பார்டரோட கனமே இழுத்து திரும்ப மூடிடும்.