00, 11 வந்தால் மட்டும் போதாது

கோத்தகிரியிலோ கூடலூரிலோ உட்கார்ந்தபடியே, கிளவுட் வழியாக நிஜக் குவாண்டம் கணினியில் சோதனை ஓட்ட இன்று ஒரு லேப்டாப் போதும். மாணவர்கள் பெரும்பாலும் முதலில் கட்டுவது இரண்டு க்யூபிட் (0, 1 இரண்டையும் ஒருசேர ஏற்கக்கூடிய குவாண்டம் பிட்) சுற்று: முதல் க்யூபிட்டில் ஹாடமார்ட் கேட் (0-வை 0-வும் 1-உம் சரிபாதியான நிலைக்குக் கொண்டுபோகும் செயல்), பிறகு இரண்டுக்கும் நடுவே சி-நாட் (முதலாவதான கட்டுப்பாட்டு க்யூபிட் 1 என்றால் மட்டும் இரண்டாவதைப் புரட்டும் கேட்), கடைசியில் அளவீடு. 1,000 முறை ஓட்டினால் ஏறக்குறைய பாதி 00, பாதி 11. "என்டாங்கிள்மென்ட் (இரு க்யூபிட்களையும் தனித்தனியே விவரிக்க முடியாதபடி இணைக்கும் பின்னல்) வந்துவிட்டது" என்று படத்தை ரெக்கார்டு நோட்டில் ஒட்டிவிடுகிறார்கள்.

அது சான்றாகாது. நாணயத்தைச் சுண்டி, தலை விழுந்தால் இரு க்யூபிட்டும் 0, பூ விழுந்தால் இரண்டும் 1 என்று வைத்தாலும் இதே படம்தான் வரும்.

இரண்டாவது ஓட்டம் ஒன்று வேண்டும். அதே சுற்றில், அளவிடுவதற்கு முன் இரண்டு க்யூபிட்டிலும் ஆளுக்கொரு ஹாடமார்ட் போடுங்கள். பின்னல் இருந்தால் இப்போதும் 00, 11 மட்டுமே. நாணயம் சுண்டி வைத்தது போன்ற வெறும் கலவையாக இருந்தால் நான்கு விடைகளும் கால் கால் பங்கு. நிஜக் கருவியில் இரைச்சல் உண்டு, அதனால் 01, 10 கொஞ்சம் தலைகாட்டும். இரு ஓட்டங்களிலும் ஒத்த விடை (00 அல்லது 11) வந்த சதவீதங்களைக் கூட்டிப் பாருங்கள். பின்னல் இல்லாத எந்த நிலைக்கும் 150-தான் உச்சவரம்பு. 95-உம் 92-உம் சேர்ந்து 187 என்றால் சந்தேகமே இல்லை. 151 என்றால் தற்செயலாக இருக்கலாம். இன்னும் அதிக முறை ஓட்டுங்கள்.

கூட்டுத்தொகை குறைந்தால் முதலில் கேட் வரிசையைப் பாருங்கள். சி-நாட் முன்னால் போய்விட்டால் கட்டுப்பாட்டு க்யூபிட் 0-விலேயே இருக்கும். எதையும் புரட்டாது, பின்னலும் உண்டாகாது. அடுத்தது, சிப்பில் தள்ளித் தள்ளி இருக்கும் க்யூபிட்களைத் தேர்ந்தெடுப்பது. சுற்றைச் சிப்புக்கு ஏற்ப மாற்றித் தரும் மென்பொருளான கம்பைலர், அவற்றை அருகே கொண்டுவர இடையில் ஸ்வாப் (இரு க்யூபிட்களின் நிலைகளை இடம்மாற்றும் செயல்) சொருகும். ஒரு ஸ்வாப் என்பது 3 சி-நாட். ஒவ்வொன்றும் தன் பங்குக்குப் பிழை சேர்க்கும். அண்டை க்யூபிட்களாகவே எடுங்கள். (ஆடிக்காற்றில் மரம் சாய்ந்து இணைப்பு போனாலும் பதற வேண்டாம். வேலை எண்ணைக் குறித்து வைத்திருந்தால் முடிவை அப்புறம் எடுத்துக்கொள்ளலாம்.)

பின்னல் இருந்தாலே குவாண்டம் கணினி சாதாரணக் கணினியை விட வேகம் என்பதும் மிகை. ஹாடமார்ட், எஸ், சி-நாட் ஆகிய மூன்று கேட்களை மட்டுமே கொண்ட சுற்று நூற்றுக்கணக்கான க்யூபிட்களைப் பின்னினாலும் சாதாரண லேப்டாப் அதைக் கணக்கிட்டுவிடும். கோட்ஸ்மன்-நில் தேற்றம் சொல்வது இதைத்தான். இந்த மூன்றால் கட்ட முடியாத டி கேட் போன்றவை கூடக்கூடத்தான் லேப்டாப் திணறும். பின்னலை வைத்து ஒளியை முந்திச் செய்தி அனுப்பலாம் என்று வகுப்பு விற்பவர்களிடம் பணம் கட்டாதீர்கள். ஒரு க்யூபிட்டை மட்டும் பார்ப்பவருக்கு, எதிர்முனையில் என்ன செய்தாலும், 0-வும் 1-உம் சரிபாதிதான்.

குவாண்டம் கணினியின் பிழைதிருத்தமும் பின்னலை நம்பித்தான் நிற்கிறது: ஒரே தகவலைப் பல க்யூபிட்களில் பரப்பி வைக்கிறது. பிழைகள் தனித்தனியே வந்தால் சமாளிக்கும். விண்வெளியிலிருந்து வரும் காஸ்மிக் கதிர்களால் உண்டாகும் பிழைகள் அப்படி வருவதில்லை. ஊட்டியில் கிரேப்ஸ்-3 ஆய்வகம் 560 சதுர மீட்டர் கருவியால் எண்ணும் மியூவான் (காஸ்மிக் கதிர்கள் காற்றில் மோதும்போது பிறப்பது) போன்ற துகள் ஒன்று, மின்தடை இல்லாத மீக்கடத்தியால் ஆன குவாண்டம் சிப்பில் பாய்ந்தால், பல க்யூபிட்கள் ஒரே நேரத்தில் ஆற்றலை இழக்கும். கூரை அதைத் தடுக்காது. அதனால்தான் சில குழுக்கள் சிப்பை நிலத்தடி ஆய்வகத்துக்குக் கொண்டுபோய்ச் சோதிக்கின்றன.