டிஏசி வாங்கும் முன் எர்த்தைப் பாருங்கள்

மண்டபம், பாம்பன், ராமேஸ்வரம், கீழக்கரை, தொண்டி என்று கரையோரமாகவே என் பிழைப்பு. ஆம்ப் (ஆம்ப்ளிஃபயர்), ஸ்பீக்கர், ஹோம் தியேட்டர் பொருத்துவது, பழுது பார்ப்பது. கொஞ்ச காலமாக ஒரே கேள்வி திரும்பத் திரும்ப வருகிறது. "அண்ணே, நல்ல டிஏசி ஒண்ணு சொல்லுங்க, ஒரு லட்சம் வரைக்கும் போகலாம்." துபாயிலிருந்து ஊருக்கு வந்தவர் கேட்கிறார், இறால் பண்ணைக்காரர் கேட்கிறார், ஓய்வு பெற்ற வாத்தியாரும் கேட்கிறார். பதிலுக்கு நான் கேட்பது: "உங்க வீட்டு எர்த் பைப்பைக் கடைசியா எப்போ பார்த்தீங்க?" பேச்சை மாற்றுகிறேன் என்று நினைக்கிறார்கள். இல்லை, அதுதான் பேச்சே.

முதலில் டிஏசி (டிஜிட்டல்-டு-அனலாக் கன்வெர்ட்டர்) என்ற அந்தப் பெட்டி என்ன செய்கிறது என்று பார்த்துவிடலாம். போனிலும் கம்ப்யூட்டரிலும் பாட்டு எண்களாகத்தான் கிடக்கிறது. சிடி தரம் என்றால் நொடிக்கு 44,100 மாதிரிகள், ஒவ்வொன்றும் 16 பிட். இந்த எண்களை மின் அலையாக மாற்றி ஆம்புக்குக் கொடுப்பது டிஏசியின் வேலை. போன், டிவி, ஏவி ரிசீவர் எல்லாவற்றுக்குள்ளும் ஏற்கெனவே ஒன்று இருக்கிறது. நீங்கள் காசு கொடுத்து வாங்கப் போவது வீட்டின் நாலாவதோ ஐந்தாவதோ டிஏசி.

16 பிட்டில் மிக மெல்லிய சத்தத்துக்கும் மிக உரத்த சத்தத்துக்கும் இடையே சுமார் 96 டெசிபல் இடைவெளி கிடைக்கும். 24 பிட்டில் கணக்குப்படி 144. சரி, நம் கூடத்தில் மின்விசிறி ஓடாமல் பாட்டுக் கேட்க முடியுமா? விசிறியும் தெருவும் சேர்ந்தால் 40 டெசிபலுக்கு மேல் எப்போதும் இருக்கும். உரத்த இடங்கள் 90 டெசிபலைத் தொடும் அளவுக்கு வைத்துக் கேட்டாலும் மிஞ்சுவது 50க்கும் குறைவு. மீதியெல்லாம் விசிறிச் சத்தத்துக்கு அடியில் போய்விடுகிறது.

இன்றைக்கு டிஏசி சிப் என்பது நன்றாகத் தேறிவிட்ட தொழில்நுட்பம். ஆயிரம் ரூபாய் அளவில் விற்கும் ஆப்பிளின் சின்ன யுஎஸ்பி-சி அடாப்டர்கூட அளந்து பார்த்தால் சிடி தரத்தை ஒட்டி நிற்கிறது. ஒழுங்காகச் செய்த இரண்டு டிஏசிகளுக்கு இடையே 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை உள்ள வித்தியாசம் அரை டெசிபலைக்கூடத் தாண்டாது. இதற்கு ஒரு விலக்கு உண்டு. ஃபில்டர் இல்லாமல் செய்யப்படும் சில ஆர்-டூ-ஆர் (மின்தடைகளை ஏணிபோல அடுக்கிச் செய்யும் வகை) மாடல்களில் சிடி பாட்டுக்கு 20,000 ஹெர்ட்ஸ் அருகே சுமார் 3 டெசிபல் குறையும். "இதமா இருக்கு" என்று சொல்வதில் அந்தக் குறைவுக்கும் ஒரு பங்கு இருக்கலாம். ஐம்பது வயதைத் தாண்டிய காதுக்கு அந்த உயரம் கேட்பதே சந்தேகம், அது வேறு கதை.

ஹை-ரெஸ் (சிடியைவிட உயர்ந்த தரப் பதிவு) பாட்டு கேட்கத்தான் வாங்குகிறேன் என்பவர்களுக்கு இரண்டு ஆய்வுகளைச் சொல்வேன். 2007இல் மேயர், மோரன் இருவரும் உயர்தர டிஸ்க்குகளை ஒலிக்கவிட்டு, நடுவே சிடி தரத்துக்கு இறக்கும் ஒரு கருவியைச் சொருகியும் எடுத்தும் கேட்கவைத்தார்கள். 554 முறை கேட்டதில் சரியாகச் சொன்னது ஏறக்குறைய பாதி. காசு சுண்டிப் போட்டாலும் அதுதான் வரும். 2016இல் லண்டனின் குயின் மேரி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜோஷுவா ரைஸ் இதுபோன்ற பல சோதனைகளைத் தொகுத்துப் பார்த்தபோது சராசரி 52 சதவீதத்துக்குச் சற்று மேலே வந்தது. பயிற்சி பெற்றவர்களிடம் இன்னும் கொஞ்சம் கூடுதல். ஆக, வித்தியாசமே இல்லை என்று நான் வாதிட மாட்டேன். லட்ச ரூபாய் வித்தியாசமா என்றால், இல்லை.

"கடையில கேட்டப்போ தெளிவா தெரிஞ்சதே" என்பார்கள். தெரிந்திருக்கும். டிஏசியின் ஆர்சிஏ அவுட்புட் (சிவப்பு, வெள்ளை ஒயர் சொருகும் இடம்) வழக்கமாக 2 வோல்ட். சில மாடல்களில் 2.5 வோல்ட் தருவார்கள். அது சுமார் 2 டெசிபல் கூடுதல். அவ்வளவு சின்ன வித்தியாசத்தை நம் காது 'சத்தம் அதிகம்' என்று சொல்லாது, 'நல்லா இருக்கு' என்றுதான் சொல்லும். ஒப்பிட வேண்டுமானால் 100 ஹெர்ட்ஸ் டோன் ஒன்றை ஓடவிட்டு, ஸ்பீக்கர் முனையில் மல்டிமீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்து இரண்டுக்கும் ஒரே அளவு வரும்படி வால்யூமைச் சரிசெய்துவிட்டுக் கேளுங்கள். எது ஓடுகிறது என்று தெரியாதபடி வேறொருவர் மாற்றித் தரட்டும்.

இனி நம் கரைக்கே உரிய விஷயம். காரைக்குடி மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் உலோக அரிப்பைச் சோதிக்க மண்டபத்தில் ஒரு மையம் வைத்திருக்கிறது. உலோகத்தை அரிக்கவிட்டுப் பார்க்க அவர்கள் தேடி வந்த காற்றில்தான் நாம் ஆம்ப் வைத்துப் பாட்டுக் கேட்கிறோம். உப்புத் தூசி உலர்ந்து கிடக்கும்வரை பெரிய தொல்லை இல்லை. காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டும்போது சோடியம் குளோரைடு தானாக நீரை இழுத்துக் கரைசலாகிவிடும். கடல் உப்பில் இருக்கும் மெக்னீசியம் குளோரைடு அதற்கு வெகு முன்பே, 33 சதவீதத்திலேயே இளகத் தொடங்கும். அப்படி நனைந்த உப்பு, சர்க்யூட் போர்டின் மேல் மின்சாரம் கசியும் ஒரு படலமாகப் படர்கிறது. இரவில் கோளாறு, வெயில் ஏறியதும் சரி என்று ஒரு கருவி விளையாட்டுக் காட்டினால் முதலில் இதைத்தான் சந்தேகிப்பேன்.

கச்சான் (தென்மேற்குக் காற்று) வீசும் மாதங்களில் மன்னார் வளைகுடாப் பக்கம், அதாவது கீழக்கரை, ஏர்வாடி வீடுகள் அதிகம் அடிபடும். வாடை தொடங்கிவிட்டால் பாக் நீரிணைப் பக்கம், தேவிபட்டினம், தொண்டி. ஆம்ப் வைக்கும் அலமாரியைக் காற்று நுழையும் ஜன்னலுக்கு நேரே வைக்காமல் இருப்பதற்குக் காசு செலவில்லை.

கீழக்கரையில் ஒரு காக்கா (அங்கே அண்ணனை அப்படித்தான் அழைப்பார்கள்), இடது பக்கம் மங்கலாகக் கேட்கிறது, டிஏசியை மாற்ற வேண்டும் என்று கூப்பிட்டார். ஆர்சிஏ பின்னைக் கழற்றினால் பச்சையாகக் களிம்பு. அது தங்க முலாம் பூசிய ஆர்சிஏ பின்தான், ஆனால் முலாம் மெல்லிசாக இருந்தால் அதிலுள்ள நுண்துளைகள் வழியே உப்பு உள்ளே போய் அடியிலுள்ள பித்தளையை அரிக்கும். காண்டாக்ட் கிளீனர் அடித்துத் துடைத்து, நாலு தடவை சொருகி எடுத்ததும் இடது பக்கம் திரும்பி வந்தது. கரையோர வீடுகளில் வருஷத்துக்கு இரண்டு முறையாவது எல்லா இணைப்புகளையும் இப்படிக் கழற்றித் துடைக்க வேண்டும். துரு நீக்கும் எண்ணெயை அடிக்காதீர்கள். அது தூசியைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

எர்த்துக்கு வருவோம். பின்பக்கம் மூன்று முள் பிளக் உள்ள கருவிகளில், பவர் சப்ளையின் ஃபில்டர் கெப்பாசிட்டர்கள் வழியே கொஞ்சம் கசிவு மின்சாரம் உடல் தகட்டுக்கு வரும். எர்த் சரியாக இருந்தால் அது மண்ணுக்குப் போய்விடும். எர்த் இல்லாவிட்டால் தகடு ஏறக்குறைய மெயின்ஸில் பாதி வோல்ட்டில் மிதக்கும். தொட்டால் சுள்ளென்று இருக்கும். அந்தக் கசிவு தனக்கு வேறு வழி தேடி ஆர்சிஏ ஒயரின் ஷீல்டு வழியாக ஆம்புக்குள் போகும். "கர்ர்" என்று ஸ்பீக்கரில் கேட்பது அதுதான். எந்த விலை டிஏசியும் இதைத் தீர்க்காது.

நம் ஊரில் எர்த் குழியில் ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) பைப் இறக்கிக் கரியும் உப்பும் போடுவது வழக்கம். மணலும் உப்புத் தண்ணீரும் உள்ள மண்ணில் அந்தப் பைப் சீக்கிரம் துருப்பிடிக்கும். அதற்கும் முன்னால் போவது மேலே ஒயரைப் பிடித்திருக்கும் கிளாம்பும் போல்ட்டும். பார்த்தால் இருக்கும், தொட்டால் உதிரும். உரிமம் பெற்ற எலக்ட்ரீசியனை வைத்து எர்த் டெஸ்டரில் அளக்கச் சொல்லுங்கள். 5 ஓமுக்குள் வந்தால் நல்லது. செம்பு பூசிய ராடு போட்டுப் புதுப்பித்தாலும் செலவு நீங்கள் நினைக்கும் டிஏசியில் சின்னப் பங்குதான் ஆகும்.

எர்த் நன்றாக இருந்தும் 50 ஹெர்ட்ஸ் இரைச்சல் வருகிறதா? கேபிள் டிவி ஒயரைக் கழற்றிப் பாருங்கள். தெருக்கம்பத்திலிருந்து வரும் கோஆக்ஸியல் ஒயர் தனக்கென்று ஒரு எர்த்தோடு வந்து, உங்கள் எர்த்தோடு சேர்ந்து ஒரு சுற்றை உண்டாக்கும். இரைச்சல் நின்றால் டிவியிலிருந்து ஆம்புக்கு ஆப்டிகல் ஒயர் போடுங்கள். அதில் போவது வெளிச்சம் மட்டும் என்பதால் சுற்று அறுந்துவிடும்.

சிலர் இதற்கு ஒரு குறுக்கு வழி சொல்லித் தருகிறார்கள். பிளக்கின் எர்த் முள்ளை உடைத்துவிடு, இல்லையென்றால் இரண்டு முள் அடாப்டர் போடு என்று. இரைச்சல் நிற்கும், உண்மை. ஆனால் ஆம்புக்குள் ஒரு ஒயர் விடுபட்டுத் தகட்டில் பட்டால், பக்கத்தில் நிற்கும் குழந்தைதான் எர்த். தயவுசெய்து செய்யாதீர்கள். அப்படிச் செய்யச் சொல்லும் எலக்ட்ரீசியனை மாற்றுங்கள்.

இன்வெர்ட்டரில் பாட்டுக் கேட்பவர்கள் அது சைன் வேவ் வகையா என்று பாருங்கள். ஸ்கொயர் வேவ் என்றால் டிரான்ஸ்பார்மர் உள்ள கருவி தானே முனகும். ஐப்பசி இடி நேரத்தில் பிளக்கை மட்டுமல்ல, கேபிள் ஒயரையும் கழற்றி வையுங்கள். எனக்கு வரும் எரிந்த போர்டுகளில் அந்த வழியாக வந்தவை நிறைய.

அறையைப் பற்றித் தனியாகவே எழுத வேண்டும். டைல்ஸ் தரை, கான்கிரீட் கூரை, வெறும் சுவர். கை தட்டினால் கிணற்றுக்குள் தட்டியது மாதிரி இருக்கும். இந்த அறை சில தாழ்ந்த சுரங்களை 10 டெசிபல்கூட உயர்த்திவிடும். டிஏசிகளுக்கு இடையே இருக்கும் அரை டெசிபல் எங்கே, இது எங்கே? ஸ்பீக்கரை மூலையிலிருந்து ஓரிரு அடி வெளியே இழுங்கள், கனமான திரை போடுங்கள், ஜமக்காளம் விரியுங்கள்.

பாட்டு எங்கிருந்து வருகிறது என்பதும் முக்கியம். புளூடூத்தில் போனை இணைத்துவிட்டு விலை உயர்ந்த டிஏசியைக் குறை சொல்வதில் பயனில்லை. ஆப்பிள் மியூசிக் 2021இலிருந்து கூடுதல் கட்டணம் இல்லாமல் லாஸ்லெஸ் (தரம் இழக்காமல் சுருக்கிய பாட்டு) தருகிறது. செட்டிங்கில் அதை நீங்கள்தான் ஆன் செய்ய வேண்டும். பல ஆண்ட்ராய்டு போன்கள் எல்லாவற்றையும் 48,000 ஹெர்ட்ஸுக்கு மாற்றியே வெளியே விடும்.

இத்தனைக்கும் அப்புறமும் டிஏசி வாங்கலாமா? லேப்டாப் ஜாக்கில் இரைச்சல் இருந்தால் வாங்கலாம். டிவி, கம்ப்யூட்டர், சிடி பிளேயர் மூன்றையும் ஒரே ஆம்புக்குக் கொண்டுவர வேண்டுமானாலும், ஆம்ப் தூரத்தில் இருந்து பேலன்ஸ்டு ஒயர் (வழியில் சேரும் இரைச்சலைக் குறைக்கும் வகை) இழுக்க வேண்டியிருந்தாலும் வாங்கலாம். பத்துப் பதினைந்தாயிரத்தில் இவை முடிந்துவிடும். அதற்கு மேல் கொடுப்பது கைவேலைக்கும் அழகுக்கும். அதுவும் தப்பில்லை, தெரிந்து கொடுங்கள். இந்தியாவில் சர்வீஸ் உள்ளதா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். உப்புக் காற்றில் சர்வீஸ் தேவைப்படும்.

வெளிநாட்டிலிருந்து சொந்தக்காரர் வாங்கி வருகிறார் என்றால், பில் போடும் முன் பின்பக்க ஸ்டிக்கரைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். 100–240 என்று இருந்தால் அப்படியே சொருகலாம். ஜப்பான் சந்தைக்கு 100 வோல்ட், அமெரிக்காவுக்கு 120 வோல்ட் என்று மட்டும் அடித்திருந்தால், நம் 230இல் சொருகிய உடனே புகைதான். அதற்கு ஸ்டெப் டவுன் டிரான்ஸ்பார்மர் வேண்டும், அதன் விலையையும் இப்போதே சேர்த்துக் கணக்குப் போட்டுவிடுங்கள்.