கார்புரேட்டர்: கரியில் பிறந்த பெயர்

பழைய ரேஸ் பைக் வைத்திருப்பவர்கள் இரண்டு பேர் சந்தித்தால் பேச்சு கார்புரேட்டரில்தான் போய் நிற்கும். எஞ்சினுக்குள் போகும் காற்றில் பெட்ரோலைக் கலக்கும் கருவி அது. இந்தச் சொல்லுக்கு என்ன பொருள்?

வேர் இலத்தீன். 'கார்போ' என்றால் கரி. 1787-இல் பிரெஞ்சு வேதியியலாளர் லவாய்சியேயும் அவருடைய கூட்டாளிகளும் வேதிப்பொருள்களுக்கு முறையான பெயர்களை வகுத்தபோது, கரி சேர்ந்த சேர்மம் 'கார்ப்யூர்' ஆனது. ஆங்கிலத்தில் அது 'கார்புரெட்'. அப்புறம் அதுவே வினைச்சொல்லாகவும் ஆயிற்று. 19-ஆம் நூற்றாண்டில் விளக்கு வாயு மங்கலாக எரிந்தால் அதில் எண்ணெய் ஆவியைச் சேர்த்துச் சுடரைத் தூண்டுவார்கள். அப்படிச் சேர்ப்பதும் 'கார்புரெட்' செய்வதுதான். பெட்ரோல் எஞ்சின் வந்ததும், காற்றில் பெட்ரோல் சேர்க்கும் கருவிக்கு இந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது.

ஜெர்மன்காரர்கள் இதை 'ஃபெர்காசர்' என்கிறார்கள், அதாவது வாயுவாக்கி. ஆரம்பகாலக் கருவிகளுக்கு அது பொருந்தும். அவற்றில் காற்று பெட்ரோலின் மேல் தவழ்ந்து ஆவியை அள்ளிச் சென்றது. 1893-இல் ஹங்கேரியின் டோனாட் பாங்கியும் யானோஷ் சோன்காவும் பெட்ரோலைத் துளிகளாகப் பீச்சும் கருவிக்குக் காப்புரிமை பெற்றார்கள். அந்த முறை நிலைத்த பிறகு 'வாயுவாக்கி' என்பது சரியான பெயர் இல்லை.

சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் 'கரியேற்றி' என்று வரும். அது எனக்குக் கொஞ்சமும் ஒப்பவில்லை. பிளக்கைக் கழற்றிப் பார்த்து அதில் கரி படிந்திருந்தால் கார்புரேட்டர் சரியில்லை என்றுதானே சொல்கிறோம்? கோளாறின் பெயரைக் கருவிக்கு வைக்கலாமா! 'எரிவளி கலப்பி' என்கிறவர்கள் உண்டு. ஆனால் எரிவளி என்றதும் எரியும் வாயுதான் நினைவுக்கு வருகிறது, பெட்ரோலும் காற்றும் என்று தோன்றுவதில்லை. வெறும் 'கலப்பி' போதும். சின்னச் சொல், செய்யும் வேலையைச் சொல்கிறது.

ஆனால் இந்தக் கலப்பியின் உயிர் அளவில் இருக்கிறது. பெட்ரோல் மிச்சமின்றி எரிய, எடைக்கணக்கில் ஒரு பங்குக்கு 14.7 பங்கு காற்று வேண்டும். ரேஸில் முழு வலு வேண்டுமானால் காற்று 13 பங்குக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். காற்றைக் கூட்டிக் குறைக்கும் திராட்டில் எவ்வளவு திறந்தாலும் இந்த அளவு தவறக் கூடாது. அதனால் ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு பாகம் பொறுப்பு. தொடக்கத்தில் பைலட் ஜெட் (ஜெட் என்பது பெட்ரோல் பாயும் சிறு துளை); அதைத் தாண்டியதும், காற்றுப்பாதையைத் திறந்து மூடும் ஸ்லைடின் அடிவெட்டு; கால் முதல் முக்கால் வரை, ஸ்லைடோடு ஏறி இறங்கும் ஊசி; அதற்கு மேல் மெயின் ஜெட்.

டியூன் செய்பவர் முதலில் மெயின் ஜெட்டைத்தான் முடிவு செய்வார். பெரிய ஜெட்டில் தொடங்கிச் சிறியதை நோக்கி வருவதே பாதுகாப்பு. முழு திராட்டிலில் ஓட்டி, அந்த வேகத்திலேயே கிளட்சைப் பிடித்து இக்னிஷனை நிறுத்தி, பைக்கை அப்படியே உருளவிட்டு, பிளக்கைக் கழற்ற வேண்டும். மெதுவாக ஓட்டிக்கொண்டு திரும்பினால் பிளக் வேறு கதை சொல்லும். நடு மின்முனையைச் சுற்றியுள்ள பீங்கான் வெளிர்பழுப்பாக இருந்தால் சரி. புகைபோல் கறுத்திருந்தால் பெட்ரோல் தூக்கல். வெளுத்திருந்தால் காற்று தூக்கல். அப்படியே ஓட்டினால் பிஸ்டன் உருகிவிடும். 'செறிந்த கலவை', 'மெலிந்த கலவை' என்று எழுதுவதைவிட இந்தத் 'தூக்கல்' எவ்வளவு இயல்பாக இருக்கிறது!

'ஜெட்' என்பதும் எறிவதைக் குறிக்கும் இலத்தீன் வினையிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்த சொல். தமிழில் 'பீச்சுத்துளை' எனலாம். அதன்மேல் பொறித்த எண்ணுக்கு எல்லா நிறுவனத்திலும் ஒரே பொருள் கிடையாது. அமாலில் அது நிமிடத்துக்கு எத்தனை கன சென்டிமீட்டர் பாயும் என்பது. டெல்லோர்டோவில் துளையின் விட்டம், மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்குகளாக. இரண்டையும் குழப்பிக்கொண்டு எஞ்சினைக் கெடுப்பது எளிது.

அமால் என்ற பெயருக்கும் கலப்போடு உறவு உண்டு. 1927-இல் அமாக், பிரவுன் அண்டு பார்லோ, பிங்க்ஸ் ஆகிய மூன்றும் ஒன்று கலந்து உருவான நிறுவனம் அது. ஒருங்கிணைப்பைக் குறிக்கும் 'அமால்கமேட்' என்ற ஆங்கிலச் சொல்லின் முன்பாதியே பெயரானது. அதன் ஜிபி வகையில் ஊசி காற்றுப்பாதையின் நடுவில் நிற்காமல் பக்கத்து அறைக்குள் ஒதுங்கியிருக்கும். திராட்டில் முழுதும் திறந்தால் காற்றுக்குத் தடையே இல்லை. மேங்க்ஸ் நார்ட்டன், பிஎஸ்ஏ கோல்டு ஸ்டார் ஆகிய பைக்குகள் அதை விரும்பியது இதனால்தான். ஆனால் காற்றுப்பாதையின் துவாரம் பெரிதாக இருந்தால் நல்லது என்று எடுத்துவிடாதீர்கள். எஞ்சின் மெதுவாகச் சுற்றும்போது அகன்ற குழாயில் காற்றின் வேகம் குறையும், பெட்ரோலை உறிஞ்சும் இழுப்பு விழும், வளைவிலிருந்து வெளியே வரும்போது எஞ்சின் திணறும்.