காட்டன் நைட்டி என்றால் தீக்குப் பயமில்லையா?

துணிப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறேன் என்று சொன்னால் பலரும் கேட்பது இதுதான்: "அடுப்படிக்குக் காட்டன்தானே பாதுகாப்பு?" பாலியஸ்டர் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும் என்பது தெரிந்ததால் காட்டன் மேல் நம்பிக்கை வந்துவிட்டது. காட்டன் உருகாது, உண்மைதான். ஆனால் சட்டென்று பற்றிக்கொண்டு மளமளவென்று மேலே ஏறும்.

அமெரிக்காவுக்கு ஏற்றுமதியாகும் துணிக்கு ஒரு சோதனை உண்டு. துணித் துண்டை 45 டிகிரி சாய்வில் சட்டத்தில் மாட்டி, கீழ்ப்பக்கம் ஒரே ஒரு நொடி சுடரைக் காட்டுவோம். தீ ஐந்து அங்குலம் ஏறி, மேலே கட்டிய நூலை அறுக்க எத்தனை நொடி ஆகிறது என்பதுதான் கணக்கு. சாதாரணத் துணிக்கு 3.5 நொடிக்குக் கீழே வந்தால் அதில் உடுப்புத் தைத்து அங்கே விற்கக் கூடாது. சதுர மீட்டருக்கு 88 கிராமைத் தாண்டிய, மேலே பஞ்சு எழும்பாத துணிக்கு இந்தச் சோதனையே தேவையில்லை. கனமும் நெருக்கமான நெசவும் அந்த அளவுக்கு முக்கியம். கதகதப்புக்காக மேல்பரப்பைச் சுரண்டிப் பஞ்செழுப்பிய துணியில் தீ கண்ணிமைக்கும் நேரத்தில் பரவும்.

எனக்கு அதிகம் கவலை தருவது கலப்புத் துணிதான். பாலியஸ்டர் தனியாக இருந்தால் சுருங்கி உருகும், சில நேரம் சொட்டி விழுந்து தீ அணைந்தும்விடும். காட்டனோடு கலந்திருந்தால் அது நடக்காது. காட்டன் நூல் விளக்குத்திரி போல உருகிய பாலியஸ்டரைத் தாங்கிப் பிடித்து எரிய வைக்கும். எரிவதும் ஒட்டுவதும் சேர்ந்தே நடக்கும்.

திருப்பூரிலிருந்து அமெரிக்கா போகும் பல குழந்தை இரவு உடைகளில் ஒரு மஞ்சள் அட்டை தொங்கும். உடை உடம்போடு ஒட்டி இருக்க வேண்டும், தொளதொளவென்று இருந்தால் தீப்பிடிக்க வாய்ப்பு அதிகம் என்று அதில் எழுதியிருக்கும். உள்ளூர்க் கடையில் நம் பிள்ளைகளுக்கு வாங்கும் உடுப்பில் அப்படி ஓர் அட்டையை நான் பார்த்ததில்லை. பிறந்தநாளுக்கு அடுக்கடுக்காய் நெட் வைத்த கவுன் போட்டு, மெழுகுவத்தி முன்னால் நிறுத்துகிறோம். அடுக்குகளுக்கு நடுவே இருக்கும் காற்று தீக்கு வசதி.

அடுப்படியில் துணி எதுவாக இருந்தாலும் துப்பட்டாவைக் கழற்றி வையுங்கள், முந்தானையைச் செருகிக்கொள்ளுங்கள். அகலக் கை நைட்டியோடு பின் அடுப்புக்குக் கை நீட்டாதீர்கள், சின்ன அடுப்பை முன்னால் இழுத்துக்கொள்ளலாம். தீபாவளிக்குப் பிள்ளைகளுக்கு உடம்போடு பிடித்த கனமான காட்டன் உடுப்பு போதும்.

அப்படியும் பற்றிவிட்டால் ஓடக் கூடாது. தரையில் படுத்து உருள வேண்டும், பக்கத்தில் இருப்பவர் கனமான போர்வையால் மூடி அமுக்கலாம். தீ அணைந்ததும் ஓடும் குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் காட்டுங்கள். பற்பசை, இங்க், மாவு எதுவும் வேண்டாம். தோலோடு ஒட்டிய துணியைப் பிய்க்காமல், சுற்றியுள்ள துணியை மட்டும் வெட்டிவிட்டு 108-ஐக் கூப்பிடுங்கள்.