கரைய மறந்த சிரை

தலையிலிருந்தும் கைகளிலிருந்தும் திரும்பும் ரத்தம் மார்பின் வலப்பக்கமுள்ள மேற்பெருஞ்சிரை வழியாக இதயத்துக்குள் இறங்குகிறது. ஏறத்தாழ 200 முதல் 300 பேரில் ஒருவருக்கு இடப்பக்கமும் இதேபோல் ஒன்று இருக்கிறது. பிறவி இதயக் குறை உள்ளவர்களிடம் இது இன்னும் அதிகம்.

கருவில் எல்லோருக்கும் முதலில் இரண்டுதான். எட்டாவது வார வாக்கில், இடப்பக்க ரத்தத்தை வலப்பக்கம் கொண்டுசெல்லும் குறுக்குச் சிரை உருவாகிறது. வேலையிழந்த இடது சிரை சுருங்கி வெறும் நாராகிவிடும். 1850-இல் ஆங்கிலேய அறுவை மருத்துவர் ஜான் மார்ஷல் அந்த நாரை விவரித்ததால் அவர் பெயரே அதற்கு நிலைத்தது. சிலருக்குச் சிரை சுருங்காமலே தங்கிவிடுகிறது.

தங்கினாலும் பெரும்பாலும் தொல்லை இல்லை. பத்தில் ஒன்பது பேருக்கு அது கரோனரி சைனஸில் திறக்கிறது. இதயத் தசையின் சொந்தக் கழிவு ரத்தத்தைச் சேர்த்து வலது மேலறையில் விடும் சிறு வாய்க்கால் அது. சுற்றுவழிதான், ஆனாலும் ரத்தம் சேரவேண்டிய இடத்துக்கே சேர்கிறது. மிச்சப் பேரில் பலருக்கு இடது மேலறைக்கே போய்விடும். அது வேறு கதை: இடது கையில் ஏற்றும் ஊசி வழியே நுழையும் சிறு காற்றுக்குமிழிகூட நுரையீரலில் வடிகட்டப்படாமல் மூளைக்குப் போகலாம்.

சிக்கல் அறுவை மேசையில்தான். இதயத்தை நிறுத்திவைக்க, பொட்டாசியம் மிகுந்த கார்டியோபிளீஜியா திரவத்தைத் தசைக்குள் செலுத்துவார்கள். இதயத் தசைக்கு ரத்தம் தரும் கரோனரி தமனிகளில் அடைப்பு இருந்தாலோ, இதயத்தின் வாசலிலுள்ள அயோர்ட்டா வால்வு ஒழுகினாலோ, தமனி வழியே முன்னோக்கிச் செலுத்துவது மட்டும் போதாது. அப்போது கரோனரி சைனஸில் பலூன் பொருத்திய குழாயை வைத்துப் பின்னோக்கிச் செலுத்துவதுண்டு. இடது சிரை இருந்தால் சைனஸ் அகன்றிருக்கும், பலூன் சரியாக அடைக்காது. அடைத்தாலும் திரவம் தசைக்குள் போகாமல் எளிய வழியான அந்தச் சிரையில் ஏறிக் கழுத்துப் பக்கம் ஓடிவிடும். திரவம் ஏறிக்கொண்டேதான் இருக்கும், தசையோ பாதுகாப்பின்றிக் கிடக்கும். இதை உணராமல் அறுவையைத் தொடர்ந்தால், மீண்டும் ஓடவேண்டிய நேரத்தில் இதயம் திணறும்.

வலது மேலறையைத் திறக்கும் அறுவையில் வேறொரு தொல்லை. வலது மேற்பெருஞ்சிரை, கீழ்ப்பெருஞ்சிரை இரண்டிலும் குழாய் போட்டு ரத்தத்தை இதய-நுரையீரல் இயந்திரத்துக்குத் திருப்பிய பிறகும், சைனஸிலிருந்து ரத்தம் பொங்கி வந்துகொண்டே இருக்கும். மூன்றாவது குழாய் போடலாம். சிரையைத் தற்காலிகமாக இறுக்கியும் சமாளிக்கலாம். ஆனால் குறுக்குச் சிரை இல்லாதவருக்கோ, வலது மேற்பெருஞ்சிரையே உருவாகாதவருக்கோ இறுக்கினால், தலையிலிருந்து இறங்கும் ரத்தம் தேங்கி மூளைக்கு ஆபத்து. அதனால் சிரையின் அழுத்தத்தை அளந்து பார்க்காமல் அதை நிரந்தரமாகக் கட்டக்கூடாது.

முன்கூட்டியே பிடிப்பது கடினமல்ல. எக்கோவில் (இதய ஒலியலைப் படத்தில்) சைனஸ் வழக்கத்தைவிட அகன்று தெரிந்தாலே சந்தேகிக்கலாம். குலுக்கிய உப்புநீரை இடது கையில் ஏற்றினால், குமிழிகள் வலது மேலறைக்கு முன்னால் சைனஸில் மின்னும். வலது கையில் ஏற்றிப் பார்த்தால் குமிழிகள் பெரும்பாலும் வழக்கம்போல் நேரே வலது மேலறைக்கே போய்விடும், இடது சிரை புலப்படாது.